நாலு கோட்டு நோட்டும் நம்ம தலையெழுத்தும்

(மூன்றாமாண்டு, இயந்திரவியல்)

"கையெழுத்து நல்லா இருந்தா தலையெழுத்து நல்லா இருக்காது" என்று நம் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. அதை முதலில் சொன்னவர் யாராக இருந்தாலும், அவருடைய கையெழுத்து கோழி கிளறிய மாதிரிதான் இருந்திருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை! ஆறாம் வகுப்பிலிருந்து இந்த ஒரு பழமொழியைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டுதான் நானும் காலத்தை ஓட்டினேன். நோட்டைப் பார்த்து வாத்தியார் காதைத் திருகும்போதெல்லாம், "போகட்டும், நமக்குத் தலையெழுத்தாவது நல்லா இருக்கும்" என்று மனசைத் தேற்றிக்கொள்வேன். பாலிடெக்னிக் வாழ்க்கை முடியப் போகிறது. தலையெழுத்து அரியர் லிஸ்டில் தெரிகிறது என்பது வேறு விஷயம்.

நிற்க. நம் கல்லூரி முத்தமிழ் விழாவில் ஒரு பட்டிமன்றம் நடந்தது நினைவிருக்கிறதா நண்பர்களே? "பள்ளியில் பழகிய பழைய பழக்கங்கள் இன்றைக்கும் உதவுமா, உதவாதா?" என்பது தலைப்பு. நான் எந்த அணியிலும் இல்லை. மைக் ஒயரைக் கையில் சுற்றிக்கொண்டு மேடைக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். ஒரு அணி, "கர்சிவ் ரைட்டிங், வாய்ப்பாடு, லாக் டேபிள், லீவ் லெட்டர், எல்லாத்தையும் மூட்டை கட்டிப் பரண்ல போடு, கையில இருக்கிற செல்போன் போதும்" என்றது. எதிரணி, "பெரியவங்க சொன்னது எதுவும் வீண் போகாது" என்றது. நடுவர் இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது என்று தீர்ப்புச் சொல்லி, பொன்னாடையை வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

எனக்குத்தான் மனசு ஆறவில்லை. எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டியது இரண்டு அணியும் செய்த தப்பு. மூட்டையை அவிழ்த்தால் சிலது உளுத்துப் போயிருக்கிறது, சிலது பத்திரமாக இருக்கிறது. மலர்க் குழு நண்பர்கள் "ஏதாவது எழுதிக் குடுடா" என்று கேட்டபோது, அன்றைக்கு மைக் ஒயரைப் பிடித்துக்கொண்டு மனசுக்குள் பேசியதை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் கர்சிவ். மெட்ரிக் பள்ளியில் படித்த நண்பர்களுக்கு இது தெரியும். நாலு கோட்டு நோட்டு. மேலும் கீழும் சிவப்புக் கோடு, நடுவில் நீலக் கோடு. எழுத்தோடு எழுத்தைக் கோத்து, பேனாவைத் தூக்காமல் வளைத்து வளைத்து எழுத வேண்டும். அரசுப் பள்ளியில் தமிழ் மீடியத்தில் படித்த எங்களுக்கு அந்த நோட்டு எப்போதாவதுதான் கண்ணில் படும். ஆங்கிலத்தைத் தனித்தனி எழுத்தாக, செங்கல் அடுக்கிய மாதிரி எழுதித்தான் பத்தாவது தாண்டினோம்.

முதல் வருடம் இங்கே சேர்ந்ததும் அந்தச் செங்கல் எழுத்து எங்களுக்கு வெட்கமாகிவிட்டது. பிசிக்ஸ் ரெக்கார்டைத் திருப்பிக் கொடுக்கும்போது, மெட்ரிக் நண்பர்களின் நோட்டைத் தூக்கிக் காட்டி "இது ரைட்டிங்" என்பார்கள். எங்கள் நோட்டு பேச்சில்லாமல் டேபிளில் வந்து விழும். விடை ஒன்றுதான், அளவு ஒன்றுதான், கிராஃப் கூட ஒன்றுதான் (யாருடையதைப் பார்த்து யார் வரைந்தது என்பதை இங்கே விட்டுவிடுவோம்). ஆனால் எழுத்தைக் கோத்து எழுதியவன் நன்றாகப் படித்தவன், பிரித்து எழுதியவன் கிராமத்தான். சொல்லப் போனால் கர்சிவ் என்பது எங்களுக்கு எழுத்தாகத் தெரியவில்லை. ஷூ, டை மாதிரி அந்தஸ்தின் அடையாளமாகத் தெரிந்தது. என் பக்கத்து பெஞ்ச் நண்பன் ஒருவன் அந்த அவமானத்தில், ராத்திரி விடுதி வராந்தாவில் உட்கார்ந்து எல்.கே.ஜி. காப்பி நோட்டு ஒன்றை வாங்கி எழுதிப் பழகினான். பதினாறு வயதுப் பையன், அட்டையில் முயல் குட்டி போட்ட நோட்டு! சிரிப்பு வரவில்லை எங்களுக்கு.

அப்புறம் வந்தது பாருங்கள் இன்ஜினியரிங் டிராயிங்!

லெட்டரிங் வகுப்பு. சார் போர்டில் எழுதிப் போட்டார்: ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக நிற்க வேண்டும், ஒரே கனத்தில் கோடு, நேராக எழுது, இல்லையா, 75 டிகிரி சாய்த்து எழுது, கோத்து எழுதாதே. எழுத்தின் உயரம் 2.5, 3.5, 5, 7, 10, 14, 20 மில்லிமீட்டர், இந்த வரிசையில்தான். இந்திய தர நிர்ணய அமைப்பின் எஸ்.பி. 46 என்ற 1988-ஆம் ஆண்டுப் புத்தகமும் ஐ.எஸ். 9609-உம் சொல்கிற விஷயம் இது. வளைத்து வளைத்து எழுதிப் பழகிய நண்பர்களின் பாடு திண்டாட்டமாகிவிட்டது. பத்து வருடப் பழக்கம் அல்லவா? கை தானாகக் கோத்துக்கொண்டு போகிறது. சார் ஷீட்டில் சிவப்புப் பென்சிலால் வட்டம் வட்டமாகப் போட்டார். செங்கல் அடுக்கிய எங்களுக்கோ, ஒரு வாரத்தில் லெட்டரிங் வந்துவிட்டது! முயல் குட்டி நோட்டு நண்பன் மட்டும்தான் பாவம், அப்போதுதான் கர்சிவ் பிடிபடத் தொடங்கியிருந்தது. மறுபடியும் பழையபடி பிரித்து எழுதக் கற்றுக்கொண்டான்.

ஏன் நம் துறை கர்சிவ்வை வேண்டாம் என்கிறது? கர்சிவ் எதற்கு வந்தது என்று பார்த்தால் விடை கிடைக்கும். இறகையும் நிப்பையும் மையில் தோய்த்து எழுதிய காலம் அது. பேனாவை அடிக்கடி தூக்கி வைத்தால் மை சொட்டும், நிப் தாளில் குத்தும். தூக்காமல் இழுத்துக்கொண்டே போனால் வேகமும் வரும், தாளும் பாழாகாது. எழுதுகிற கருவிக்குத் தக்கபடி எழுத்து அமைந்தது, அவ்வளவுதான். நம் ஓலைச்சுவடியிலும் இதே கதைதான். எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை பொத்துக்கொள்ளும் என்று மெய்யெழுத்துக்குப் புள்ளியே வைக்காமல் எழுதினார்கள். படிக்கிறவன் இடம் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டியதுதான். அப்புறம் ஹங்கேரிக்காரர் லாஸ்லோ பிரோ 1938-ல் பால்பாயிண்ட் பேனாவுக்குக் காப்புரிமை வாங்கினார். அதில் எத்தனை தடவை தூக்கினாலும் மை சொட்டாது. காரணம் போய்விட்டது, காரியம் மட்டும் நாலு கோட்டு நோட்டில் தங்கிவிட்டது. (பால்பாயிண்டில் எழுதினால் கையெழுத்து கெட்டுவிடும் என்று எங்கள் பள்ளியில் இங்க் பேனாதான். சட்டைப் பையில் நீலக் கறை இல்லாத பையனே கிடையாது.)

வெளிநாட்டில் என்ன நடக்கிறது? அமெரிக்காவில் பல மாநிலங்கள் 2010-ல் ஏற்றுக்கொண்ட பொதுப் பாட அளவுகோலில் கர்சிவ்வுக்கு இடம் இல்லை. பின்லாந்தில் 2016 முதல் கோத்தெழுத்து கட்டாயம் இல்லை, அந்த நேரத்தில் தட்டச்சு பழகட்டும் என்றார்கள். ஆனால் கலிபோர்னியா மாநிலம் 2023 அக்டோபரில் சட்டமே போட்டு, ஒன்று முதல் ஆறாம் வகுப்பு வரை மறுபடியும் கர்சிவ்வைக் கொண்டுவந்துவிட்டது. பழைய கடிதங்களையும் ஆவணங்களையும் பிள்ளைகளால் படிக்க முடியவில்லை என்பது அங்கே சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று.

இதில் நியாயம் இருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது. நம் வீட்டுப் பரணில் இருக்கும் நிலப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். பத்திர எழுத்தர் கையால் எழுதியது. 1978-ல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவருவதற்கு முந்தைய எழுத்து, 'லை'க்கும் 'னை'க்கும் யானைத் தும்பிக்கை மாதிரி மேலே ஒரு சுழி. காணி என்றும் மா என்றும் கணக்கு. காணி என்றால் எண்பதில் ஒரு பங்கு, மா என்றால் இருபதில் ஒரு பங்கு என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அதைப் படிக்கத் தெரியாவிட்டால், எல்லைத் தகராறு வரும்போது யாரோ படித்துச் சொல்வதை நம்ப வேண்டியதுதான். ஆனால் ஒன்று. பழைய எழுத்தைப் படிக்கத் தெரிவது வேறு, அதே மாதிரி எழுதப் பழகுவது வேறு. படிப்பதற்கு ஒரு மாதம் போதும். அதற்காக ஆறு வருடம் நாலு கோட்டு நோட்டு வேண்டாம்.

"கையால எழுதுனாத்தான் மனசுல நிக்கும்னு ஆராய்ச்சியே சொல்லுதே!" என்று பட்டிமன்றத்தில் ஒரு சகோதரி அடித்துப் பேசினார். உண்மைதான். 2014-ல் அமெரிக்காவில் முல்லர், ஓப்பன்ஹைமர் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வில், லேப்டாப்பில் குறிப்பெடுத்தவர்கள் சொன்னதைச் சொன்னபடி தட்டிக்கொண்டே போனார்கள். கையால் எழுதியவர்களுக்கு அவ்வளவு வேகம் வராததால், கேட்டதைச் சுருக்கித் தம் சொல்லில் எழுதினார்கள். கருத்தைக் கேட்கும் கேள்விகளில் அவர்கள் முந்தினார்கள். பின்னால் வேறு சிலர் அதே சோதனையைத் திரும்பச் செய்தபோது வித்தியாசம் அவ்வளவு தெளிவாக வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அதைவிட முக்கியம், அவர்கள் சோதித்தது கையால் எழுதுவதை. கோத்து எழுதுவதா பிரித்து எழுதுவதா என்பதை அல்ல. கர்சிவ் கட்சிக்கு இந்தச் சாட்சி உதவாது.

ஆக, கர்சிவ் வேண்டாம் என்பது என் கட்சி. அப்படியானால் கையெழுத்தே வேண்டாமா? இங்கேதான் நான் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். சொல்லலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

நாலாவது செமஸ்டர் விடுமுறையில் இன்பிளான்ட் டிரெயினிங்குக்காகக் கோவையில் ஒரு சின்ன லேத் பட்டறைக்குப் போனேன். நாலு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், வாசலில் வேப்பமரம். முதலாளி போனில் கேட்டு அளவைச் சொல்லச் சொல்ல, ஜாப் கார்டில் எழுதுவது என் வேலை. "தம்பி டிப்ளமா படிக்குது, இங்கிலீஷ்ல எழுதும்" என்று எனக்கு அந்தப் பதவி. ஒரு நாள் காலையில் பம்ப் ஷாஃப்ட் ஆர்டர் வந்தது. ஸ்லீவ் உட்காரும் இடத்தில் விட்டம் 27.5. நான் அவசரத்தில் இழுத்துவிட்டேன். என் ஏழு எப்போதும் தலை சின்னதாகத்தான் இருக்கும். அன்றைக்குத் தலையே இல்லை.

டர்னர் அண்ணனுக்கு நாற்பத்தைந்து வயசு இருக்கும். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர். கார்டைப் பார்த்தார், 21.5 என்று படித்தார், ஓட்டினார். மத்தியானச் சாப்பாட்டுக்குள் நாலு ஷாஃப்ட் முடித்து, வரிசையாகத் துடைத்து, எண்ணெய் தடவி வைத்திருந்தார். ஒவ்வொன்றிலும் 6 மில்லிமீட்டர் கூடுதலாகப் போயிருந்தது. உலோகத்தைச் சீவி எடுத்த பிறகு திரும்ப ஒட்டவா முடியும்? வெல்டிங் வைத்து நிரப்பலாம் என்றால், வாங்குகிற பார்ட்டி ஒத்துக்கொள்ளாது. நாலும் எடைக்குத்தான்.

முதலாளி கார்டைப் பார்க்கவே இல்லை. "இத்தனை வருசம் வேலை பாக்கற, ஏழு எது ஒண்ணு எதுன்னு கேக்கத் தெரியாதா?" என்று அண்ணனைத்தான் பிடித்தார். அண்ணன் கார்டை எடுத்து என்னிடம் நீட்டினார். கோபமாக அல்ல. "ஏந்தம்பி, இது ஏழா ஒண்ணா?" நான் பார்த்தேன். நண்பர்களே, சத்தியமாகச் சொல்கிறேன், எழுதிய எனக்கே அது ஒன்று மாதிரிதான் தெரிந்தது. அப்போது வாயைத் திறந்து "தப்பு என்மேலதான் சார்" என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. டிரெயினிங் சர்டிபிகேட்டில் கையெழுத்துப் போடாமல் விட்டுவிடுவாரோ என்ற பயம். "ஏழு மாதிரிதான் இருக்கு" என்று முனகினேன்.

சனிக்கிழமை சம்பளத்தில் அண்ணனுக்குப் பிடித்தம். எவ்வளவு என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அன்றைக்குச் சாயங்காலம்தான் முதலாளியிடம் போய் உண்மையைச் சொன்னேன். "விடு தம்பி, படிக்கிற பையன், அதெல்லாம் சகஜம்" என்று சிரித்தார். எனக்குச் சகஜம், அண்ணனுக்கு மட்டும் பிடித்தம்! திருப்பிக் கொடுங்கள் என்று கேட்கும் தைரியம் வரவில்லை. அம்மா செலவுக்குக் கொடுத்திருந்த 500 ரூபாயை எடுத்துக்கொண்டு அண்ணனிடம் போனேன். வாங்க மறுத்துவிட்டார். "ஒரு டீ வாங்கிக் குடு, போதும்" என்றார். டீ குடித்துவிட்டு, சாக்பீஸை எடுத்து மெஷின் தகட்டில் ஒரு ஏழு எழுதி, அதன் இடுப்பில் குறுக்கே ஒரு சின்னக் கோடு போட்டார். "இப்பிடிப் போட்டுப் பழகு. அழகா எழுதோணும்னு நான் சொல்லல. ஏழு ஏழா இருந்தாப் போதும்."

இன்றைக்கும் என் ரெக்கார்டில் ஏழைப் பார்த்தீர்களானால் இடுப்பில் கோடு இருக்கும்.

இதனால்தான் சொல்கிறேன், நமக்கு வேண்டியது அடுத்தவன் படிக்கும்படியான எழுத்து. கர்சிவ்வுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. மருத்துவர்களுக்கு 2016-ல் இந்திய மருத்துவக் கவுன்சில் போட்ட விதியைப் பாருங்கள். மருந்தின் பெயரைத் தெளிவாக, கூடுமானவரை பெரிய எழுத்துகளில் எழுத வேண்டும் என்கிறது. கோத்து எழுதச் சொல்லவில்லை, பிரித்து எழுதத்தான் சொல்கிறது! மெடிக்கல் ஷாப்பில் சீட்டை வைத்துக்கொண்டு கண்ணைச் சுருக்கும் கடைக்காரரையும், அவர் எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொண்டு போகும் பாட்டியையும் பார்த்தவர்களுக்கு இந்த விதியின் அவசியம் புரியும். நம் டிராயிங்கிலும் அதே கவனம்தான். பெரிய ஷீட்டில் இடம் குறிக்க ஓரத்தில் எழுத்துப் போடும்போது ஆங்கில 'ஐ'யையும் 'ஓ'வையும் விட்டுவிடுகிறோமே, ஏன்? ஒன்றோடும் பூஜ்யத்தோடும் குழம்பிவிடும் என்றுதான்.

"எல்லாம் ஆட்டோகேட் வந்தாச்சு, இனிமே யார் கையால எழுதப் போறா?" என்று கேட்பீர்கள். டிராயிங் ஆபீசில் சரி. ஆனால் ஜாப் கார்டு, ஷிப்ட் லாக் புக், மெஷினில் தொங்கும் அட்டை, தகட்டில் சாக்பீஸால் போடும் மார்க்கிங், இவை சின்னப் பட்டறைகளில் இன்றும் கையெழுத்துதான். நம்மில் முக்கால்வாசிப் பேருக்கு முதல் வேலை அங்கேதானே?

சிவில் நண்பர்களுக்கு இது இன்னும் நன்றாகத் தெரியும். லெவல் புக் எழுதும்போது ரப்பர் போடக்கூடாது. தப்பாக எழுதினால் அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுத வேண்டும். கடைசியில் கணக்குச் சரிபார்ப்பு ஒன்று உண்டு. பேக்சைட் மொத்தத்திலிருந்து ஃபோர்சைட் மொத்தத்தைக் கழித்தால் என்ன வருகிறதோ, அதுவே கடைசி ஆர்.எல்.லுக்கும் முதல் ஆர்.எல்.லுக்கும் உள்ள வித்தியாசமாக இருக்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால் "டேலி ஆயிடுச்சு" என்று குதிப்பார்கள். ஆனால் வெயிலில் ஸ்டாஃபைப் பார்த்து 1.725 என்று எழுதியதை நிழலில் உட்கார்ந்து 1.125 என்று படித்துக் கணக்குப் போட்டாலும் அந்தச் சரிபார்ப்பு டேலி ஆகும்! கூட்டல் கழித்தலில் வந்த பிழையைத்தான் அது பிடிக்கும். எழுத்தில் வந்த பிழையைப் பிடிக்காது. தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்பது அந்த ஒரு ஏழில் இருக்கிறது.

அடுத்தது வாய்ப்பாடு. இதில் நான் எதிரணிப் பக்கம், அதாவது பெரியவர்கள் பக்கம். பதினாறாம் வாய்ப்பாடு வரை மனப்பாடமாக இருக்க வேண்டும். கால்குலேட்டர் தப்புச் சொல்லாதே என்பீர்கள். சொல்லாதுதான், தப்பாகக் கேட்டால் அதற்குரிய விடையைத் தப்பில்லாமல் சொல்லும். ஒரு சின்ன உதாரணம். கம்பியின் எடைக்கு, விட்டத்தை விட்டத்தால் பெருக்கி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். 12 மி.மீ. கம்பிக்கு 144-ஐ 162-ஆல் வகுக்க வேண்டும். கணக்கே போட வேண்டாம், ஒன்றுக்குக் கொஞ்சம் கீழே என்று பார்த்தாலே தெரிகிறது. 12 மீட்டர் நீளத்தில் 100 கம்பி என்றால் 1,200 மீட்டர். ஆகவே எடை 1,200 கிலோவுக்குக் கீழேதான் இருக்க வேண்டும். பில்லில் 1,300 கிலோ என்று போட்டிருந்தால், செல்போனை எடுக்காமலே லாரியை நிறுத்தலாம். இந்த மதிப்புப் போடும் புத்தி வாய்ப்பாடு படித்த மண்டைக்குத்தான் வரும்.

இந்தப் புத்தி இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பெரிய கதை இருக்கிறது. 1983 ஜூலை 23, கனடா. ஏர் கனடாவின் போயிங் 767 விமானம். எரிபொருள் அளவு காட்டும் கருவி பழுது. ஆகவே டாங்கில் இருக்கும் லிட்டரைக் கையால் கணக்கிட்டுக் கிலோவாக மாற்றினார்கள். அந்த நாடு அப்போதுதான் பவுண்டிலிருந்து கிலோவுக்கு மாறிக்கொண்டிருந்தது. லிட்டருக்கு 1.77 என்ற எண்ணால் பெருக்கினார்கள். அது பவுண்டுக்கு உரிய எண்! கிலோவுக்கு 0.8 போட வேண்டும். 22,300 கிலோ இருக்கிறது என்று நினைத்துக் கிளம்பினார்கள். உண்மையில் இருந்தது அதில் பாதிக்கும் குறைவு. 41,000 அடி உயரத்தில் எரிபொருள் தீர்ந்து, இரண்டு இன்ஜினும் நின்றுவிட்டன. விமானி கிளைடர் மாதிரி மிதக்கவிட்டு, கிம்லி என்ற ஊரில் கைவிடப்பட்ட ஒரு பழைய விமானத் தளத்தில் இறக்கினார். உள்ளே இருந்த 69 பேரும் பிழைத்தது அவருடைய திறமை.

நான் இதைப் படித்தபோது எனக்கு உறைத்த விஷயம் ஒன்றுதான். தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ. எண்ணெய் தண்ணீரில் மிதக்கும். மிதக்கிற பொருள் லிட்டருக்கு ஒரு கிலோவுக்குக் குறைவாகத்தானே இருக்க வேண்டும்? 1.77 எங்கிருந்து வரும்? நடுநிலைப் பள்ளி அறிவியல் இது. பெருக்கல் சரியாகத்தான் இருந்தது. எண்ணைப் பார்த்துப் புருவத்தை உயர்த்த ஆள் இல்லை.

லாக் டேபிள்? 1614-ல் நேப்பியர் கண்டுபிடித்துச் சொன்னதிலிருந்து, 1972-ல் எச்.பி. கம்பெனி பாக்கெட் சயின்டிபிக் கால்குலேட்டர் கொண்டுவரும்வரை முன்னூற்றைம்பது வருடத்துக்கு மேல் உலகத்தின் கணக்கையெல்லாம் சுமந்தது. கும்பிட்டு வழியனுப்பலாம். பிளஸ் டூ முடித்து நேரடி இரண்டாமாண்டில் வந்த நண்பர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். லாக் என்றால் என்ன என்பது வேண்டும், அந்தப் பட்டியலில் விரலை ஓட்டும் வித்தை வேண்டாம்.

தட்டச்சு பற்றி ஒரு வார்த்தை. மெஷினே போய்விட்டது, கோத்ரெஜ் நிறுவனம் 2009-ல் டைப்ரைட்டர் செய்வதை நிறுத்திவிட்டது. ஆனால் நம்மூர் இன்ஸ்டிட்யூட்டுகளில் சாயங்காலம் இன்னும் டக டக என்று சத்தம் கேட்கிறது, நமக்குத் தேர்வு நடத்தும் அதே தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் லோயர், ஹையர் தேர்வுகளை நடத்துகிறது. மெஷின் போனாலும் விரல் பழக்கம் அப்படியே கம்ப்யூட்டருக்கு வந்துவிட்டது. காசு இருப்பவர்கள் போய்ப் பழகுங்கள், நான் வேறென்ன சொல்ல!

கடைசியாக லீவ் லெட்டர். "அனுப்புநர், பெறுநர், ஐயா, பொருள்" என்று ஏழாம் வகுப்பில் எழுதினோமே, அதைக் கிண்டல் செய்யாத ஆள் இல்லை. காய்ச்சல் வராமலேயே காய்ச்சல் என்று எழுதக் கற்றுக்கொடுத்த முதல் இலக்கியம் அது! ஆனால் பெறுநர் யார், என்ன வேண்டும், ஏன் வேண்டும் என்பதை நாலு வரியில் சொல்லத் தெரிவது எவ்வளவு பெரிய விஷயம் என்று பேங்கில் போய் நின்றால் தெரியும். செலான் நிரப்பத் தெரியாமல் பேனாவை நீட்டிக்கொண்டு ஒரு அம்மா நிற்பார். கல்லூரி ஐ.டி. கார்டு கழுத்தில் தொங்கும் நம்மிடம் தான் நீட்டுவார். போன மாதம் என்னிடம் நீட்டினார் ஒருவர். 'ரூபாய் எழுத்தால்' என்ற இடத்தில் ஆங்கிலத்தில் நாற்பதை எப்படி எழுதுவது என்று எனக்கே ஒரு நிமிடம் சந்தேகம் வந்துவிட்டது. தமிழில் எழுதிக் கொடுத்தேன். கவுன்ட்டரில் வாங்கிக்கொண்டார்கள்.

பட்டிமன்றத்தில் பேசாததை இங்கே பேசியாயிற்று. பேச்சோடு நிற்காமல் மாணவர் பேரவைக்கு ஒரு கோரிக்கையும் வைக்கிறேன். வருடா வருடம் முதலாமாண்டு மாணவர்களுக்கு வரவேற்பு விழா நடத்துகிறோம். மைக் செட்டுக்கும் கேக்குக்கும் செலவு செய்கிறோம். அதோடு முதல் மாதத்தின் நாலு சனிக்கிழமைகளில் சாயங்காலம் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் என்ன? ஒரு நாள் பூஜ்யம் முதல் ஒன்பது வரை எண்களைத் தெளிவாக எழுதுவது. ஒரு நாள் வாய்ப்பாடும் மதிப்புப் போடுவதும். ஒரு நாள் விண்ணப்பம், செலான், படிவம் நிரப்புவது. ஒரு நாள் பழைய பத்திரம் ஒன்றை வைத்துக்கொண்டு எல்லோரும் சேர்ந்து படிப்பது. ஆசிரியர்களைத் தொந்தரவு செய்ய வேண்டாம், சீனியர்களே நடத்தலாம். தமிழ் மீடியம் தம்பி தங்கைகள் செங்கல் எழுத்தை நினைத்துக் கூச்சப்பட்டு வராமல் இருந்துவிட வேண்டாம். லெட்டரிங் உங்களுக்குத்தான் சீக்கிரம் வரும்.

எண்கள் வகுப்புக்கு நான் தயார். இந்த செமஸ்டர் முடியும்வரை நாலு மணிக்கு மேல் டிராயிங் ஹாலில் ஜன்னல் ஓர டேபிளில்தான் இருப்பேன் (எதற்கு என்று கேட்காதீர்கள், ஷீட் பாக்கி). வரும்போது ஒரு எச்.பி. பென்சில் மட்டும் கொண்டு வாருங்கள்.